துண்டுச் சீட்டும் எக்சிட் பேப்பரும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் தெருப் பையன் ஒருவன் ரியாத்திலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். ஏழு வருடமாக அங்கே ஏசி மெக்கானிக். கம்பெனிக்கு இருந்த பெரிய கான்ட்ராக்ட் கைவிட்டுப் போய், ஆட்களைக் குறைக்கிறார்களாம்.

"மாமா, ஒரு பேப்பர் குடுத்து சைன் பண்ணச் சொல்றாங்க. அரபியில இருக்கு. பண்ணிட்டா நாளைக்கே எக்சிட் போட்டுடறோம்ங்கறாங்க. பண்ணட்டுமா?"

போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, என் கண் தொகை எழுதியிருந்த இடத்துக்குப் போகவில்லை. அடியில் தேதி போடும் இடத்துக்குத்தான் போனது. காலியாக இருந்தது.

"கையெழுத்துப் போடாதப்பா. சாயங்காலம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் வழக்கமான தூக்கம் வரவில்லை.

1981 முதல் 2006 வரை தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தேன் என்பது இங்கே வந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். முதலில் டைம் கீப்பர், பிறகு பர்சனல் ஆபீஸில் கிளார்க். கேம்ப் மெஸ், மணல் காற்று, ஈத் பிரியாணி என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். என் மேஜைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியைப் பற்றி மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குள் சுமார் 600 பாஸ்போர்ட்டுகள் இருந்தன. ஒன்றும் எங்களுடையது இல்லை, எல்லாம் வேலைக்கு வந்த ஆட்களுடையவை. என்னுடையதும் அதற்குள்தான் இருந்தது. சாவி மேனேஜரிடம்.

வெளியே நடமாட ஆட்களிடம் இருந்தது இக்காமா ஒன்றுதான். இப்போது போல பிளாஸ்டிக் அட்டை கிடையாது, சின்னப் புத்தகம். முஸ்லிம்களுக்குப் பச்சை அட்டை, மற்றவர்களுக்குப் பழுப்பு. அதில் கஃபீல் பெயர் எழுதியிருக்கும். கஃபீல் என்றால் பொறுப்பேற்றவர். நம்மை நாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர், வெளியே அனுப்புகிறவரும் அவரே.

வேலை முடிந்து ஊருக்குத் திரும்புவதற்கு 'குரூஜ் நிஹாயி', அதாவது பைனல் எக்சிட் வேண்டும். லீவில் போய் வர 'குரூஜ் அவ்தா'. இரண்டுக்கும் கஃபீல் கடிதம் கொடுக்க வேண்டும். மந்தூப் என்று ஒரு சவூதிக்காரர் அதையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஜவாஸாத் ஆபீஸுக்குப் போவார், பாஸ்போர்ட்டில் முத்திரை விழும். அதற்குமுன் கம்பெனிக்குள் ஒரு கிளியரன்ஸ் ஃபாரம். ஸ்டோர்காரர் ஹெல்மெட்டும் ஷூவும் திரும்பி வந்ததா என்று பார்ப்பார், கேம்ப் பாஸ் கம்பளியை எண்ணுவார், மெஸ்காரர் பாக்கி இல்லை என்று எழுதுவார். எல்லாம் முடிந்த பிறகு செட்டில்மென்ட் பேப்பர். எனக்கு வரவேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அரபியில் நாலு வரி. அதில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கடிதம் ஜவாஸாத்துக்குப் போகும். பாஸ்போர்ட், டிக்கெட், பணக்கவர் மூன்றையும் தஹ்ரான் ஏர்போர்ட் வாசலில் மந்தூப் கையில் கொடுப்பார். கவரைப் பிரித்து எண்ணிப் பார்க்கும்போது பம்பாய் விமானத்துக்கு அழைப்பு வந்திருக்கும். உள்ளே போனால் இக்காமாவை வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த ஆள் அந்த நாட்டில் யாரும் இல்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று ரிட்டயர் ஆன பிறகு படிக்க ஆரம்பித்தேன். பெட்ரோலுக்கு முன்னால் வளைகுடாவின் பெரிய தொழில் முத்துக்குளிப்பு. நகுதா என்ற சொல் நம் கடற்கரைக்காரர்களுக்கும் பழக்கமானதுதான், படகுத் தலைவர். முத்துக் குளிப்பவன் நகுதாவிடம் முன்பணம் வாங்குவான், சீசன் முடிந்தும் கடன் தீராது. வேறு நகுதாவிடம் போக வேண்டுமானால், இவன் கடன் இவ்வளவு என்று பழைய நகுதா எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். பஹ்ரைனில் ஆங்கிலேயர்களின் கை ஓங்கியிருந்த 1920களிலும் 30களிலும், வெளியூரிலிருந்து வருகிற கூலியாட்களுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது நிர்வாக விதியாக உருவானது. பிறகு எண்ணெய்க் கம்பெனிகள் வந்தன. படகில் இருந்தது கேம்ப்புக்கு வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. என் தகப்பனாரின் சித்தப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். சின்ன வயதில் அவர் வாயிலிருந்து 'துண்டு' என்ற சொல்லைக் கேட்டிருக்கிறேன். "துண்டு இல்லாம எவன் சேப்பான்?" என்பார். தோளில் போடுகிற துண்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது காகிதத் துண்டு. கங்காணி நம் ஊர்களிலிருந்து முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவான். கப்பல் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டு எழுதித் தர வேண்டும்: இந்தக் கங்காணியின் ஆட்கள் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும், கட்டியது மறுபடி ஆட்கள் தலையிலேயே ஏறும். ஆள் பற்றாக்குறை வந்தால் துண்டின் விலையும் ஏறியது. ஆங்கிலேய அதிகாரிகளின் அறிக்கைகளில்கூட இந்தத் தமிழ்ச் சொல் அப்படியே 'டுண்டு' என்று இருக்கிறது. 1921-ல் அங்கே அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்கு 60 வருடம் கழித்து நான் தம்மாமில் உட்கார்ந்து அதையே டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஆள்தான் கடன்காரன். எங்கள் கேம்ப்பில் கம்பெனிதான் ஆளுக்குக் கடன்பட்டிருந்தது. ஆனாலும் கையெழுத்து கம்பெனியிடம்தான் இருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. சவூதியில் 1969-லேயே தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. வேலை முடியும்போது முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கு. நம் ஊர் கிராஜுவிட்டி சட்டம் வந்ததே 1972-ல். வருடம் 15 நாள் சம்பளத்தோடு லீவு, பத்து வருடம் ஆனால் 21 நாள் என்றும் அதில் இருந்தது. மக்தபுல் அமல் என்று ஒவ்வொரு ஊரிலும் லேபர் ஆபீஸ், அதற்கு மேல் தொழிலாளர் கமிஷன்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் இதெல்லாம் இல்லை. சரி, லேபர் ஆபீஸில் புகார் கொடுத்தால்? கேஸ் மாதக்கணக்கில் நடக்கும். அதுவரை வேலை இல்லை, வேறு இடத்தில் வேலை பார்க்கவும் கூடாது. இக்காமா முடிந்துவிட்டால் புதுப்பிக்க வேண்டியது யார்? அதே கஃபீல். கோபம் வந்தால் 'ஹுரூப்', ஓடிப்போய்விட்டான் என்று ஜவாஸாத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். அப்படி எழுதினால் ஆள் போலீஸ் தேடுகிற ஆள். நான் இருந்த 25 வருடத்தில் எங்கள் கேம்ப்பிலிருந்து கேஸ் போட்டு முழுப் பணத்தோடு போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நம் பக்கத்துச் சட்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1922-ஆம் வருடத்துச் சட்டத்துக்குப் பதிலாக 1983-ல் புதிய எமிக்ரேஷன் சட்டம் வந்தது. எமிக்ரேஷன் கிளியரன்ஸ், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், ஏஜெண்டுக்கு லைசென்ஸ், மாட்டிக்கொண்டவர்களைத் திரும்ப அழைத்துவர ஏஜெண்டிடமிருந்து டெபாசிட் என்று போவதற்கான ஏற்பாடுகள் நிறைய. திரும்பி வருகிறவன் பாக்கிச் சம்பளத்தை யாரிடம் கேட்பது என்பதற்கு அதில் வழி தேடினால் கண் வலிக்கும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எங்களுக்கு அது பக்கத்து வீட்டில் தீப்பிடித்த மாதிரி. குவைத்திலிருந்த நம் ஆட்கள் பாலைவனம் வழியாக பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் என்று அம்மான் போய்ச் சேர்ந்தார்கள். ஏர் இந்தியா ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை 488 விமானங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தது. யாருக்கும் எக்சிட் முத்திரை இல்லை, செட்டில்மென்ட் இல்லை. கஃபீலே ஓடிப்போயிருந்தான்.

எங்கள் பக்கத்தில் நிலைமை வேறு. தஹ்ரானில் அமெரிக்கப் படை இறங்கிவிட்டது, முகமூடிகளைக் கொடுத்து மாட்டிப் பழகச் சொன்னார்கள். 1991 ஜனவரியில் சண்டை தொடங்கியதும் ஊருக்குப் போகிறேன் என்று கேட்டவர்கள் நூறு பேருக்கு மேல். மேனேஜர் பதில் ஒன்றுதான்: போகலாம், ராஜினாமா எழுதிக்கொடுத்து செட்டில்மென்ட் பேப்பரில் கையெழுத்துப் போட்டால். பாதிப் பேர் போட்டார்கள். மீதிப் பேர் ஸ்கட் சைரன் கேட்டுக்கொண்டே கான்கிரீட் போட்டார்கள். பிப்ரவரி 25 ராத்திரி அமெரிக்கர்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் ஸ்கட் விழுந்து 28 சிப்பாய்கள் இறந்தபோது, கேம்ப் ஜன்னல்கள் அதிர்ந்தன.

வேடிக்கை பிறகுதான். ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் நஷ்டஈட்டு ஆணையம் ஒன்றை வைத்து, ஈராக்கின் எண்ணெய் ஏற்றுமதிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்தவருக்கு 2,500 டாலர், குடும்பமானால் 5,000. வேறு எந்த வகையிலும் கேட்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் 4,000, 8,000. டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் குவைத் செல் என்று தனியாக ஒன்று திறந்து மனுக்களை வாங்கினார்கள். பணம் வந்துசேரப் பல வருடம் ஆனது, ஆனால் வந்தது. 2,500 டாலர் என்றால் 9,375 ரியால். எங்கள் கேம்ப்பில் ஒன்பது வருடம் வேலை பார்த்த கொத்தனாருக்குச் சட்டப்படி வர வேண்டிய கிராஜுவிட்டியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலாளி கையெழுத்து இல்லாமல் வளைகுடாத் தொழிலாளிக்குப் பணம் வந்ததென்றால், எனக்குத் தெரிந்து முதலில் அதுதான். அதற்கு ஒரு யுத்தம் தேவைப்பட்டது.

ஒன்பது வருடம் வேலை பார்த்த கொத்தனார் என்று சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை.

1994. பரமக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சம்பளம் 800 ரியால். கம்பெனிக்கு வரவேண்டிய பில் நின்றுபோய் ஐந்து மாதமாக யாருக்கும் சம்பளம் இல்லை. ஒரு சாயங்காலம் ஊரிலிருந்து தந்தி. அவர் அப்பா போய்விட்டார். இவர்தான் மூத்த பிள்ளை. கொள்ளி வைக்கப் போக முடியாது என்பது கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைக் கேட்பதுகூட இல்லை. பதினாறாம் நாள் கருமாதிக்காவது போய்ச் சேர வேண்டும் என்று கேட்டார்.

லீவு எக்சிட் தர முடியாது, அந்த சைட்டை மூடப்போகிறோம், போவதானால் பைனல் எக்சிட்தான் என்றார் மேனேஜர். கணக்கு நான்தான் போட்டேன். முதல் ஐந்து வருடத்துக்கு 2,000, அடுத்த நாலு வருடத்துக்கு 3,200, ஆக 5,200. ஐந்து மாத பாக்கி 4,000. மொத்தம் 9,200 ரியால், லீவு சம்பளம் தனி. தாளை மேனேஜர் பார்த்தார். பென்சிலால் 1,200 என்று எழுதி வட்டம் போட்டார். "டிக்கெட்டும் இதுவும். பேப்பர் ரெடி பண்ணு. தேதி மட்டும் விட்டுடு" என்றார்.

தேதியை ஏன் விடச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. எத்தனையோ பேப்பரில் அப்படி விட்டிருக்கிறேன்.

கொத்தனார் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். தலை மழித்திருந்தது. "என்ன தம்பி எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்றார். எனக்கு அந்த நாலு வரி மனப்பாடம். மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. "வழக்கமா எல்லாரும் போடற பேப்பர்தாண்ணே" என்றேன். போட்டார். ஒன்பது நாள் ஏற்கனவே போயிருந்தது. எக்சிட் அடித்து விமானம் ஏற இன்னும் நாலு நாள். பம்பாயில் இறங்கி ரயில் பிடித்துப் பதினைந்தாம் நாள் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மீதி 8,000 ரியால், அப்போது ரியால் எட்டு ரூபாய் சில்லறை, அறுபதாயிரத்துக்கு மேல் வரும்.

நான் ஒரு சல்லிக்காசு எடுக்கவில்லை. என் பாஸ்போர்ட்டும் அந்த அலமாரியில்தான் இருந்தது, எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள். இப்படியெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2005 செப்டம்பரில் சவூதியில் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆபீஸுக்கு வந்தபோது, முதல் தடவையாக ஒரு சட்டத்தை முதலிலிருந்து படித்தேன். கிராஜுவிட்டி கணக்கு பழையதேதான், 84-வது பிரிவு. தானாக ராஜினாமா செய்தால் இரண்டு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, பத்து வருடம் வரை மூன்றில் இரண்டு, பத்து ஆனால் முழுவதும். வேலையிலிருந்து நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும், ஆள் தானாகப் போனால் இரண்டு வாரம். இக்காமாச் செலவும் திரும்பும் டிக்கெட்டும் முதலாளி பொறுப்பு. நான் நின்றது 8-வது பிரிவில். வேலை ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் எந்தப் பேப்பரும், அவனுக்கு அது கூடுதல் நன்மை தருவதாக இருந்தாலொழிய, செல்லாது.

அதாவது, ஆள் வேலையில் இருக்கும் தேதி போட்டால் அந்தப் பேப்பர் வெறும் காகிதம். வேலை முடிந்த பிறகு வரும் ஒரு தேதியை, ஆள் விமானம் ஏறிய பிறகு சௌகரியமாக நிரப்பிக்கொண்டால்தான் அதற்கு மதிப்பு. தேதியை விடச் சொன்னது அதற்குத்தான். அன்று சாயங்காலம் மெஸ்ஸில் சாப்பிடாமல் அறைக்குப் போய்விட்டேன். மறு வருடம் ஊருக்கு வந்துவிட்டேன்.

2008-ல் ஒரு கல்யாணத்துக்குப் பரமக்குடி போனபோது விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஊரிலேயே கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொடுத்தார்கள். பணத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. புறப்படும்போது வாசல்வரை வந்து, "தம்பி, அந்தப் பேப்பர்ல என்னைப் பத்தித் தப்பா ஒண்ணும் எழுதலையே? ரெண்டு தடவை ஏஜெண்டு கிட்ட பாஸ்போர்ட் குடுத்தேன், விசா வரல. அதுல ஏதோ எழுதிட்டாங்கன்னு நெனச்சு அப்புறம் விட்டுட்டேன்" என்றார்.

பதினாலு வருடம். அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருந்தது என்று அப்போதுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு நடந்தவற்றைப் பேப்பரில் படித்ததாகத்தான் சொல்ல வேண்டும். கஃபீல் என்ற வார்த்தையே இனி வேண்டாம், பாஸ்போர்ட்டைத் தொழிலாளியே வைத்துக்கொள்ளலாம் என்று சவூதி அமைச்சரவை 2000-லேயே தீர்மானம் போட்டிருந்தது. எங்கள் அலமாரிக்கு அந்தத் தீர்மானம் வந்து சேரவில்லை. 2013-ல் நிதாகத் கெடுபிடியில் காகிதம் சரியில்லாதவர்கள் அபராதம் இல்லாமல் வெளியேற நவம்பர் ஆரம்பம்வரை அவகாசம் கொடுத்தார்கள். பாஸ்போர்ட் கஃபீலிடம் மாட்டிக்கொண்டவர்கள் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கிக் கைரேகை வைத்துப் போனார்கள். பாக்கிச் சம்பளம் அங்கேயே நின்றது. 2016-ல் ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் படுத்து, ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கேம்ப்களில் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டபோது மத்திய இணை அமைச்சர் வி.கே.சிங் ஜித்தா போனார். சவூதி மன்னர் 10 கோடி ரியால் ஒதுக்கினார். கம்பெனி கடிதம் இல்லாமலேயே எக்சிட் கொடுத்தார்கள், கோரிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள் என்றார்கள். அந்தக் காலத்து பாக்கிக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள் கைக்குக் காசோலைகள் வந்தது 2024 வாக்கில். எட்டு வருடம்.

கத்தாரில் இந்தக் கையெழுத்து எவ்வளவு பலமானது என்பதை உலகம் தெரிந்துகொண்டது ஒரு கால்பந்து வீரரால். சாஹிர் பெலூனி என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர், சம்பளப் பாக்கிக்குத் தன் கிளப்போடு வழக்குப் போட்டார். எக்சிட் பெர்மிட் கிடைக்காமல் 2013 நவம்பர்வரை குடும்பத்தோடு தோஹாவிலேயே கிடந்தார். நம் ஆட்கள் எத்தனை பேர் கிடந்தார்களோ, அவர்களுக்காகப் பத்திரிகைக்காரர்கள் யாரும் வரவில்லை. உலகக் கோப்பை நெருங்க நெருங்க 2018 அக்டோபரில் பெரும்பாலான தொழிலாளர்களுக்கும், 2020 ஜனவரியில் வீட்டு வேலைக்காரர்களுக்கும் எக்சிட் பெர்மிட்டை எடுத்தார்கள். சவூதியில் 2018 கடைசியில் தொழிலாளர் வழக்குகள் நீதித்துறையின் கீழ் தனிக் கோர்ட்டுகளுக்குப் போயின. 2021 மார்ச் 14 முதல் தனியார் கம்பெனித் தொழிலாளி, முதலாளி சம்மதம் இல்லாமலே செல்போனில் அப்ஷர் மூலம் பைனல் எக்சிட் போட்டுக்கொள்ளலாம். 1994-ல் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் அந்தச் செய்தியைப் படிக்க முடியவில்லை.

சாயங்காலம் பையனைக் கூப்பிட்டேன். அந்த நாலு வரியோடு கூட ஒரு ஐந்தாவது வரியும் இருந்தது, "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று. அவன் சம்பளம் 1,800. கம்பெனி நிறுத்தினால் 4,500-ம் 3,600-ம் சேர்த்து 8,100 ரியால். சொந்த விருப்பம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, 5,400. அந்த ஒரு வரியின் விலை 2,700 ரியால்.

"எக்சிட்டுக்காகப் பயப்படாதே, அத நீயே போட்டுக்கலாம். ஆனா அவசரப்பட்டுப் போட்டுடாதே, அங்கே இருக்கும்போதே லேபர் மினிஸ்ட்ரி சமரசத்துல மனு குடு. வேலை முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள குடுத்தாத்தான் எடுத்துக்குவாங்க. கம்பெனி நிறுத்துதுன்னு எழுத்துல வாங்கு. பணம் பேங்க்ல ஏறினப்புறம், அன்னைய தேதியை உன் கையாலேயே எழுதி சைன் பண்ணு. சர்வீஸ் சர்டிபிகேட் கேளு, அதுக்குக் காசு கிடையாது" என்றேன். முப்பது வருடம் தாமதமாகச் சொல்கிறோம் என்று தோன்றியது, ஆனால் இவனுக்கு அது தெரியாது.

மனு போட்ட மறு வாரமே கம்பெனி பேச வந்துவிட்டது. 8,100 பேங்கில் ஏறியது. லீவு சம்பளத்தில் கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டார்கள். அதை விட்டுவிட்டேன் மாமா என்றான், அவன் இஷ்டம். போன செவ்வாய்க்கிழமை பேரீச்சம்பழப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பும்போது, "மாமா, எங்க ரூம் பக்கத்துல ஒரு அண்ணன் இருக்கார், கும்பகோணம். பதினோரு வருஷமா ஹவுஸ் டிரைவர். அவரும் கிளம்பணும்னு பாக்கறார், அவங்க வீட்டுக்காரர் ஆறு மாசமா நாளைக்கு நாளைக்குங்கறார். அவருக்கும் போன்லயே போட்டுக்கலாமா?" என்று கேட்டான்.

வீட்டு டிரைவருக்கு அந்த 2021 மாற்றம் பொருந்தாது. ஆட்டிடையன், தோட்டக்காரன், வீட்டு வேலைக்காரர்கள் யாருக்கும் பொருந்தாது. அவர்களுக்குத் தனி விதிகள், அதில் தொடர்ந்து நாலு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம் என்கிற கணக்கு. எக்சிட் இன்னும் வீட்டுக்காரர் கையில்.

அவர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். ரியாத் தூதரகத்துக்கு ஒரு மனு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு எழுத வராது என்பதால் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பேப்பரிலாவது ஏற்கனவே கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டதற்கு, போன ரம்ஜானுக்கு முன்னால் ஒன்றில் போட்டதாகச் சொன்னார். என்ன எழுதியிருந்தது என்று தெரியாதாம்.